விழுவதற்கு இடம் பார்த்து வைத்தவர்

திண்டுக்கல் ஜில்லாவில் பயப்படுவதை முழுநேர வேலையாகச் செய்தவர் எனக்குத் தெரிந்து எங்கள் தெரு டெஸ்டர் ஒருவர்தான். நாமெல்லாம் ஒழிந்த நேரத்தில் பயப்படுகிறவர்கள்.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் கரண்ட் பாய்கிறதா என்று பார்க்கிற டெஸ்டர் ஒன்று இருக்கும். கிரில் கேட், தெருக்குழாய், எதையும் அதை வைத்துப் பார்க்காமல் தொடமாட்டார். ஒரு கல்யாண வீட்டில் பன்னீர்ச் சொம்பிலேயே வைத்துப் பார்த்தார். பக்கத்தில் சீரியல் லைட் போட்டிருந்தார்களாம். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் முப்பது வருடம் பத்திரம் எழுதியவர். பின்னால் என்ன வில்லங்கம் வரும் என்று யோசிப்பதே தொழிலாக இருந்ததால், அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் எடுத்து வந்துவிட்டார்.

பஸ் கவிழும், ஆட்டோ கவிழாவிட்டாலும் நம்மைக் கவிழ்த்துவிடும், பெட்ரோல் வண்டி தானாகப் பற்றிக்கொள்ளும் என்பது அவர் கட்சி. நம்பியது பழைய சைக்கிள் ஒன்றைத்தான். தினமும் விடிந்ததும் டிபன் பாக்ஸோடு அதில் சின்னாளபட்டிக்குக் கிளம்பிவிடுவார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்ட அவர் மனைவியை, நான் மதினி என்று கூப்பிடுகிறவரை, அங்கே மகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மகள் பொழுதெல்லாம் கூட இருந்து கவனித்தாலும், காலைச் சாப்பாடும் மாத்திரையும் மட்டும் இவர் கையால்தான் உள்ளே போகும். வேறு யார் ஊட்டினாலும் மதினி வாயை இறுக்கி மூடிக்கொள்வார்.

போன வருடம் டெஸ்டரின் முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி பெடலை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் போகலாமே அண்ணே என்றேன். கிணற்றில் குதிக்கச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, வலியோடு மிதித்துக்கொண்டுதான் போனார். ஒரு வாரம் கழித்து, அவரே வரவழைத்த, சைக்கிளின் முன் சக்கரத்தில் மாட்டுகிற மோட்டாரும் பேட்டரியும் பார்சலில் வந்து இறங்கின.

மூன்று நாள் அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. வாசலில் ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்துவிட்டு, எதிர்வீட்டு மாடியிலிருந்து கண்காணித்தார். வெடிக்கவில்லை என்று உறுதியான பிறகு, அதிலிருந்த இங்கிலீஷ் எச்சரிக்கைகளை என்னைப் படிக்கச் சொல்லி, 'மேற்படி பேட்டரியை மேற்படி சார்ஜரில் மட்டுமே' என்று பத்திர நடையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். சைக்கிள் கடையில் மெக்கானிக் மோட்டாரை மாட்டியபோது தூணுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தார். சக்கரம் முதல்முறை சுற்றியதும் டெஸ்டரை ஹேண்டில்பாரில் வைத்தார். விளக்கு எரியவில்லை. நிம்மதி அடைய வேண்டிய மனிதர் டெஸ்டர் கெட்டுப்போய்விட்டது என்று புதிதாக ஒன்று வாங்கப் போனார்.

வண்டியை அவர் ஆசைப்பட்டபடி பாதுகாப்பாக்கியதில்தான் எல்லா வினையும் வந்தது. பிரேக் பிடித்தால் மோட்டார் தானாக நின்றுபோகும்படி ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. அதில் மழைத்தண்ணீர் இறங்கினால் ஷாக் அடிக்கும் என்று கறுப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றி உளுந்துவடை அளவுக்கு ஆக்கியிருந்தார். ஆயுத பூஜை அன்று பேட்டரிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, ஹேண்டில்பாரில் மாலை போட்டார். மாலை நழுவிச் சக்கரத்தில் விழுந்துவிடுமே என்று வாழைநாரால் மூன்று சுற்றுச் சுற்றி மூன்று முடிச்சும் போட்டார். வேகத்துக்கான விசை கட்டைவிரலுக்குப் பக்கத்தில், அந்த நாருக்கு அடியில் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. பூஜைக்குப் பிறகு முதல் ஓட்டம், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, துணைக்கு வாங்க தம்பி என்றார். அவரைத் தெருவில் அதிகம் கேலி செய்தவன் நான்தான், எனவே மறுக்க முடியவில்லை. பின்னால் பேட்டரிக்கு மேல் பலகை போட்டு, என்னை உட்கார வைத்து, டிபன் பாக்ஸை மடியில் கொடுத்தார். சாம்பார் சிந்தக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார்.

ஊரைத் தாண்டும்வரை நத்தை வேகம்தான். ஒரு மேட்டில் ஏறுவதற்காக விசையை அழுத்தினார். நார் சறுக்கி விசைக்கு மேல் விழுந்து இறுக்கிக்கொண்டது. மேடு முடிந்து இறக்கம் வந்தது. சைக்கிள் விர்ரென்று பறந்தது. இறக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பாலம், அதையும் தாண்டினால் நான்கு வழிச்சாலை, அதில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணே, நிக்கலையாண்ணே?"

"நிக்காது தம்பி. நார் மாட்டிக்கிருச்சு. பேட்டரி சாவி ஒங்க தொடைக்குக் கீழ இருக்கு, திருப்புங்க."

சாவியைத் திருப்ப நான் எழுந்திருக்க வேண்டும். ஒரு கையில் சாம்பார், இன்னொரு கையில் அவர் இடுப்பு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டில் எதையும் விட்டுவிட எனக்குத் தைரியம் இல்லை. பிரேக் பிடி அந்த டேப்பில் முட்டிப் பாதியில் நின்றது, மோட்டார் நிற்கவில்லை. குதித்துவிடுகிறேன் என்று கத்தினேன்.

"குதிக்காதீங்க. இது விழுற எடம் இல்ல, பூராம் சரளைக் கல்லு. செத்த நேரம் பொறுங்க. பாலத்துக்கு அங்கிட்டு ஒரு வைக்கப்போரு இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவர் திரும்பாமலே, பத்திரம் வாசிக்கிற குரலில் சொன்னார். "தெனமும் பாத்து வச்சிருக்கேன் தம்பி. இந்த ரோட்டுல விழுறதுக்குத் தோதா பதினோரு எடம் இருக்கு. எனக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அவ வாயத் தொறக்க மாட்டா."

பாலம் தாண்டியது. ஹேண்டில்பாரை இடதுபக்கம் ஒடித்தார். வரப்பில் ஒரு துள்ளல், அப்புறம் கண் காது மூக்கு எல்லாம் வைக்கோல். எழுந்து பார்த்தபோது, சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தைப் பொருட்படுத்தாமல் அவர் சைக்கிளில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். எதிரே நான்கு வழிச்சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. டிபன் பாக்ஸை நான் இன்னும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கை கூட நடுங்கவில்லை. பிளேடால் நாரை அறுத்தார், டேப்பை உரித்தார், மிச்ச தூரத்தை உருட்டிக்கொண்டே நடந்தோம்.

மகள் வீட்டு வாசலில் மதினி நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் மகள் ஊட்ட முயன்ற தட்டு அப்படியே இருந்தது. மதினியின் கன்னம் நனைந்திருந்தது. இடது கையைத் தூக்கி, கணவர் தலையிலிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தார். குழறலாக என்னவோ கேட்டார்.

"ரோட்ட ஆடு மறிச்சிருச்சு, அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு டெஸ்டர் முதல் இட்லியைப் பிட்டார். பிட்ட கை அப்போதுதான் நடுங்கத் தொடங்கியது. சாம்பார் சட்டையில் சிந்தியது. மதினி அந்தக் கையை இடது கையால் பிடித்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனார். நான் மகள் வீட்டுக்குள் கிடந்த நெசவுத் தறியைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன்.

இப்போது சுவிட்சை மெக்கானிக்கே ஒழுங்காகப் பொருத்திக் கொடுத்துவிட்டார். டெஸ்டர் தினமும் போய் வருகிறார். நான் கேலி செய்வதை விட்டு வெகுநாளாகிறது. பத்து மணிக்குள் அந்த மனிதர் தெருவுக்குள் வந்து சேராவிட்டால் எனக்கு வேறு வேலை ஓடுவதில்லை, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.