உறிஞ்சி அண்ணன் வாட்டிய ஆப்பிள்

சத்தம் போட்டுக் குடிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர்களை உலகம் முழுவதிலிருந்தும் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தினால், முதல் ஆளாக எங்கள் உறிஞ்சி அண்ணன்தான் நிற்பார். பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்து, "என்னலா இது, ஒருத்தன் வாயிலேருந்தும் சத்தமே வரல?" என்று திட்டவும் செய்வார்.

மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலையை ருசி பார்ப்பது அவர் வேலை. கரண்டியில் தேநீரை அள்ளி 'ஸ்ர்ர்ர்' என்று ஓர் இழுப்பு. ஆபீசில் கடிதம் டைப் அடிக்கும் கிராணியாக உட்கார்ந்திருக்கும் எனக்கு, நடுவில் இரண்டு சுவர் இருந்தும், காது கூசும். பிறகு துப்பிவிட்டுத் தீர்ப்பு: "மேட்டு மலை இலை. மழைக்கு முந்தி பறிச்சது. வாட்டுனவன் நடுவுல தூங்கிட்டான்." பறித்த இலையை மாடியில் பரப்பி வாட்டியவன் தலையைக் குனிந்துகொள்வான். உண்மையிலேயே தூங்கியிருப்பான்.

தொழில் வேறு, வாழ்க்கை வேறு என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. கல்யாணப் பந்தியில் பாயசத்தை உறிஞ்சி, கையோடு கொண்டுவந்த காலி பால் டின்னில் துப்பி, "நெறம் இருக்கு. ஒடம்புதான் இல்ல" என்று அறிவித்தார். மாப்பிள்ளையைச் சொல்கிறார் என்று நினைத்துப் பெண்வீட்டார் கலவரமானார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் ஒல்லிதான்.

அப்படிப்பட்டவர் கையில் நான் ஆறு வாரம் மாட்டினேன். திரிங்காப் காய்கறித் தோட்டத்து லோரியிலிருந்து உருண்டு வந்த ஒரு முட்டைக்கோசுக்கு மரியாதை கொடுத்து மோட்டார் சைக்கிளை ஒடித்தேன். தாடை உடைந்தது, முட்டைக்கோசுக்கு ஒன்றுமில்லை. டாக்டர் வாயைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார். சாப்பாடு ஸ்ட்ராவில், பேச்சு நோட்டுப் புத்தகத்தில். வீட்டில் இப்படி ஓர் அமைதிக்காக இருபது வருடம் காத்திருந்ததாக என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீடு உறிஞ்சி அண்ணனுடையது.

மறுநாளே வந்துவிட்டார். ஒரு கையில் கோலாலம்பூரிலிருந்து மகள் அனுப்பிய ஸ்லோ குக்கர், மறு கையில் ஒரு பை ஆப்பிள். எங்கள் மலையிலிருந்து முட்டைக்கோஸ் இறங்கும், ஆப்பிள் ஏறும். இரண்டுக்கும் ஒரே லோரி.

"மக போன்ல சொன்னா தம்பி. தோல சீவி, வெட்டி, இதுக்குள்ள போட்டு நாலு மணி நேரம் விட்டா கூழா வந்துருமாம். பல்லே வேணாம்."

"வெட்டுனதும் எலுமிச்ச புழியணும்ண்ணே, இல்லன்னா கறுத்துப் போயிரும்" என்றாள் என் மனைவி.

அண்ணன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "கறுக்கக் கூடாதா? ஏம்மா, எல கறுக்கிறதுக்குத்தானே இங்க ஒரு ஃபேக்டரியே ஓடுது!"

ஆப்பிள் துண்டுகளைச் சுளகில் பரப்பி, ஜன்னலோரம் வைத்து, மதியம்வரை வாட்டினார். அரைமணிக்கொரு தரம் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, "இன்னும் துள்ளுது" என்பார். துள்ளல் அடங்கியபோது ஆப்பிள் நான் காலில் மாட்டும் பழைய தோல் சப்பாத்தின் நிறத்தில் இருந்தது. பிறகுதான் குக்கருக்குள் போனது: கொஞ்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, பட்டைத் தூள். மூடி போட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அது தானா வேகும்ண்ணே, நீங்க போய் வேலயப் பாருங்க."

"எல வாட்டுறப்ப இப்படிச் சொன்னவன்தாம்மா இப்ப கேட்டுல காவலுக்கு ஜாகாவா நிக்கிறான்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகவே இருந்தது. வெல்லப்பாகு வாசனை, ஆப்பிள் என்றே தெரியவில்லை. மூன்று வாரம் அதில்தான் உயிர் வாழ்ந்தேன்.

நாலாவது வாரம் ஒருநாள், அதுவரை பட்டைத் தூளை எடுத்துக் கொடுத்துவந்த மனைவி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டாள். எங்கள் சமையலறையில் எந்தப் பாட்டிலிலும் பெயர் ஒட்டியிருக்காது. மூக்கு எதற்கு இருக்கிறது என்பது அவள் கட்சி. அண்ணன் ஒரு பழுப்புத் தூளை இரண்டு கரண்டி அள்ளிப் போட்டார். நாலு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்ததும் வீடெல்லாம் சீரகம். அண்ணன் ஓர் இழுப்பு இழுத்தார்.

"ஆகா! பட்ட எப்படித் தூக்குது பாரு!"

நான் அவரையே பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், மெதுவாக உட்கார்ந்தார்.

'எப்போதிலிருந்து?' என்று எழுதிக் காட்டினேன்.

"ரெண்டு வருசம் முந்தி காய்ச்சல்ல கெடந்தேன்ல, அப்பலேருந்து. இனிப்பு தெரியும், உப்பு தெரியும். வாசம் மட்டும் போயிருச்சு. எலயத் தொட்டுப் பாக்குறேன், நெறத்தப் பாக்குறேன். மிச்சத்துக்குத்தான் அந்தச் சத்தம்."

அறுபதைத் தாண்டியவர். வருடா வருடம் புதுப்பிக்கும் வேலை. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். மகள் வீட்டில் போய் ஒண்டமாட்டார்; போக வேறு இடமில்லை. புதுப்பிக்கும் கடிதத்தை டைப் அடிப்பவன் நான். புதுப்பிக்க வேண்டியதும் அந்த மாதம்தான்.

"தொரகிட்ட சொல்லுவியா தம்பி?"

ஸ்ட்ராவைப் போட்டு அந்தச் சீரகக் கூழை உறிஞ்ச ஆரம்பித்தேன்.

"குடிக்காதலா! பொய்க்கும் ஒரு அளவு வேணாம்?" கிண்ணத்தைப் பிடுங்கினார். மீதியை டிபன் கேரியரில் ஊற்றிக்கொண்டு நேரே ஆபீசுக்கு நடந்தார். கம்பி கட்டிய வாயும் நோட்டுமாக நான் பின்னாலேயே ஓடினேன்.

எங்கள் துரை, எங்கள் இருவரையும்விட வயதில் சின்னவர். மேனேஜர் யாராக இருந்தாலும் இங்கே துரைதான். ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகம் கோணியது.

"என்ன அங்கிள் போட்டீங்க இதுல?"

"அதத்தான் தொர, என்னால சொல்ல முடியல."

பேச வாய் இல்லையே என்று நான் உண்மையாக வருந்தியது அப்போதுதான். நோட்டில் கிறுக்கி மேசைமேல் தள்ளினேன்: 'ஆப்பிளைக் கையாலேயே வாட்டினார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.'

துரை படித்தார். இன்னொரு கரண்டி எடுத்தார். "ஆப்பிளையா வாட்டுனீங்க?"

"வெட்டுனா துள்ளுதே தொர."

துரைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாட்டுற மாடிக்கு நல்ல கை இல்லாம திண்டாடுறேன் அங்கிள். அங்க மூக்கு வேணாம்லா" என்றார். வீடும் தங்கியது. அந்தக் கடிதத்தை டைப் அடித்தபோது மூன்று பிழை விட்டேன். வழக்கமாக ஐந்து வரும்.

இப்போது மாடியில் யாரும் தூங்குவதில்லை. ருசி பார்க்க வந்திருக்கும் புதுப் பையன் படித்தவன், சத்தமே இல்லாமல் உறிஞ்சுகிறான். ஆபீசில் எனக்குத்தான் தூக்கம் வருகிறது.

என் தாடை குணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் அண்ணன் ஆப்பிளோடு வருகிறார். தூளைப் போடுமுன் பாட்டிலை என் மூக்கடியில் நீட்டி, நான் தலையாட்டும்வரை காத்திருக்கிறார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆப்பிள் பிடிக்காது என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை.