கார்டு மாமாவின் பச்சைக் கொடி

உலகத்திலேயே ரயில் இல்லாமல் முழுநேர கார்டு உத்தியோகம் பார்த்த ஒரே மனிதர், மலேசியாவில் எங்கள் லாபிஸ் ஊர்க் கார்டு மாமாதான். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள் கோழி வளர்ப்பார்கள். இவர் பக்கத்து வீட்டிலிருந்த என் அப்பாவை ரயிலாக்கிக்கொண்டார்.

அப்பாவுக்குப் பார்கின்சன். கை நடுக்கத்தைக்கூடச் சமாளித்தார். எழுந்து நின்றால் பிரஷர் இறங்கிப் பொத்தென்று விழுவதுதான் தாங்கவில்லை. அடுத்த மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். மாதா கோவில் வாசலிலிருந்து பீடம் வரை அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அப்பாவுக்கு வேறு ஆசையே இல்லை.

டாக்டர் பிரஷரை ஏற்றும் மாத்திரை கொடுத்தார். "சாப்பிட்டா நாலு மணி நேரம் படுக்கவே கூடாது அங்கிள். படுத்தா பிரஷர் கன்னாபின்னான்னு ஏறிடும்" என்றார். அப்பா பலமாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்தார், மதியச் சோறு, மாத்திரை, வழக்கம்போல் குறட்டை. கொஞ்ச நேரத்தில் மண்டை வெடிக்கிறது என்று அலறல். பிரஷர் மெஷினைப் பார்த்து எனக்கே மயக்கம் வந்தது. மாமாதான் வேலி தாண்டி ஓடிவந்து அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தார்.

மறுநாளே பழைய விசிலும் இரண்டு கொடிகளுமாக வந்து இறங்கிவிட்டார். அப்பாவின் கண் சொருகினால் விசில் பறக்கும்.

"யோவ், லைன் கிளியர் ஆகல லா! அதுக்குள்ள எங்க சாயிற?"

"அலமாக், ஐயோ, மண்டையெல்லாம் எறும்பு ஊறுதுய்யா!"

"அது இந்த மாத்திரையோட குணம்னு டாக்டரே சொன்னாரு. ஊறட்டும்."

எழுந்திருக்கவும் சட்டம் உண்டு. முதலில் கால் தொங்கப்போட்டு உட்கார வேண்டும், பிறகு தண்ணீர், பிறகு பச்சைக் கொடி. கொடி அசையாமல் அப்பா கழிவறைக்குக்கூடப் போக முடியாது.

"அவசரம்யா!"

"எக்ஸ்பிரஸுக்கும் சிக்னல் உண்டு. உக்காரு."

கல்யாண நாள். பாட்டு தொடங்கிவிட்டது. வாசலில் நாற்காலியில் அப்பா, பக்கத்தில் பூச்செண்டோடு தங்கச்சி, எதிரே சிவப்புக் கொடியோடு மாமா. கோவிலே திரும்பிப் பார்க்கிறது. எனக்கு மானம் போனது.

"மாமா, ஃபாதர் காத்திருக்கார்."

"இருக்கட்டும் தம்பி. உனக்கு நேரம் முக்கியமா, வண்டி முக்கியமா?"

அப்பா தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் பச்சைக் கொடி அசைந்தது. அப்பா எழுந்தார். லேசாக ஆடினார். தங்கச்சி கையை இறுக்கிப் பிடித்தாள். மாமா கொடியைத் தூக்கிப் பிடித்தபடி, அப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பீடம் வரை பின்பக்கமாகவே நடந்தார்.

அப்பா விழவில்லை. நின்றபடியே தங்கச்சியின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். ஆண்டவரே நன்றி என்று அழுதேன். அதில் பாதி கார்டு மாமாவுக்கு.

அப்போது பொத்தென்று ஒரு சத்தம். மாமா முன் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்திருந்தார். பதறி ஓடினேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. காலுதான் நடுங்குது, எனக்கு."

அப்பா மெல்லக் குனிந்து அவர் கையிலிருந்த கொடியை வாங்கிக்கொண்டார்.

"அவசரமில்லய்யா, மெதுவா எந்திரி. நான் நிக்கிறேன்ல."