சூரியக் குடும்பத்தைத் துடைத்தது யார்?

"யார் துடைச்சது?"

அறிவியல் கூடத்தில் காட்சி மாதிரிகள் செய்பவர் போட்ட சத்தத்தில் வாசல் காவலாளி எழுந்து நின்றுவிட்டார்.

பெரிய கறுப்புத் தட்டு பளபளவென்று காலியாக இருந்தது. நேற்றுவரை அதில் தூசி இருந்தது. சாதாரணத் தூசியா அது? மூன்று வாரம் சலித்து, மினுக்குப் பொடி கலந்து, நடுவில் சூரியனுக்கு ஒரு விளக்கு வைத்து, சுற்றிலும் வளையம் வளையமாகத் தூவியது. தூசி திரண்டு பூமியும் மற்ற கோள்களும் ஆன கதையைத் தட்டு மெல்லச் சுழன்று காட்டும். பத்து மணிக்கு இயக்குநர் வருகிறார். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இன்றோடு சரி.

துப்புரவு செய்யும் அம்மா துடைப்பத்தோடு வந்தார்.

"ஏம்மா, நானூத்தி அறுபது கோடி வருஷத்துச் சமாசாரத்தை ஒரே இழுப்புல துடைச்சிட்டியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"நான் தொடவே இல்ல சார். நேத்து சாயங்காலம் நீங்க..."

"வாயைத் திறக்காதே!" கத்திக்கொண்டே கைக்குட்டையால் காவலாளியின் மேசையை அழுந்தத் துடைத்தார். கோபம் வந்தால் அவர் கை சும்மா இருக்காது. "போய்த் தூசி கொண்டா!"

"தூசிக்கு நான் எங்க சார் போவேன்? தினம் ரெண்டு வேளை கூட்டுறேனே!"

மாதிரி செய்பவர் தானே அலமாரிக்குப் பின்னால் தேடினார். நாற்காலி போட்டு ஏறி மின்விசிறியைத் தடவினார். ஒரு பொட்டுத் தூசி இல்லை. அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஒழுங்காக வேலை செய்கிறவர்கள்மேல் வரும் கோபத்துக்கு மருந்தே கிடையாது.

பின்பக்கம் சுவர் பூசிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு வாளி சிமெண்டுத் தூளை அள்ளிவந்து தட்டில் கொட்டினார். பாரம் தாங்காமல் மோட்டார் முனகியது. விசையைத் திருகினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை திருகினார். தட்டு ஒரே உலுக்காக உலுக்கிவிட்டுப் பேய்பிடித்த மாதிரி சுற்றியது. கோள்கள் திரளவில்லை. எல்லாமே கூடத்தைவிட்டுக் கிளம்பின.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் உள்ளே நுழைந்தார். கறுப்புக் கோட்டு சாம்பல் கோட்டாயிற்று.

"என்னய்யா இது?"

"சூரியக் குடும்பம் உருவான விதம் சார்."

எல்லோரும் இருமி ஓய்ந்ததும், மாதிரி செய்பவர் ஆத்திரம் அடங்காமல் ஒரு தாளில் எழுதினார்: தட்டைத் துடைத்தவர் யாராக இருந்தாலும் இன்றே வேலையைவிட்டு நீக்க வேண்டும். எல்லோரையும் இயக்குநரின் அறைக்கு இழுத்துப்போய், மேசையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் தாளை வைத்தார். துடைத்த இடத்தில் மினுமினுவென்று ஒரு கோடு விழுந்தது.

இயக்குநர் கோட்டைத் தட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "நியாயம்தான். யார் அது?"

துப்புரவு அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காவலாளி மாதிரி செய்பவர் பக்கம் திரும்பினார்.

"நேத்து சாயங்காலம் வீட்டம்மாகூட போன்ல சண்டை போட்டுக்கிட்டே, சுத்துற தட்டுமேல கைக்குட்டையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நின்னது நீங்கதானே சார்?"