கோரிக்கை அண்ணன்

மதுரையில் மைக் கிடைத்த இடத்திலெல்லாம் அரசு ஊழியர் கோரிக்கையை வைத்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் சங்கக் கிளைச் செயலாளர்தான். காதுகுத்து, கடைத் திறப்பு, கோயில் அன்னதானம், எதையும் விட்டதில்லை. அலுவலகத்தில் அவர் பெயரே 'கோரிக்கை' ஆகிவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

வாடிப்பட்டியில் நடந்த என் கல்யாணத்தில் வாழ்த்த மேடையேறியவர், மாப்பிள்ளை புதுத் திட்டத்தில் சேர்ந்தவர், இவருக்குப் பழைய பென்சன் கிடையாது என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். பந்தியில் சாம்பார் ஆறிப்போனது. அரசாங்க உத்தியோகம் என்று நம்பிப் பெண் கொடுத்த மாமனார் என் காதருகே குனிந்தார்.

"என்ன மாப்ள, உங்களுக்குப் பென்சன் இல்லையாம்ல?"

தாலி கட்டி முடிந்திருந்ததால் தப்பித்தேன்.

இத்தனைக்கும் அண்ணனுக்குப் பழைய பென்சன் உண்டு. புதுத் திட்டம் வருவதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவர். எங்களுக்காகத்தான் தொண்டை வற்றக் கத்தினார்.

எங்கள் அலுவலகத்தைப் பெருக்கிக் கழுவியவர் பாண்டியம்மா. கீழக்குயில்குடிக்காரர், காண்ட்ராக்ட் வேலை. வராத நாளுக்குக் கூலி கிடையாது. அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வருசமாவது நிரந்தரமாக்குவார்களா என்று கேட்பார்.

"ஆக்கிருவாக தாயி, நான் இருக்கேன்ல" என்பார் அவர்.

போன வருடம் காய்ச்சலோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த பாண்டியம்மா, ஒரு காலையில் வாளியோடு மாடிப்படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

துக்க வீட்டில் அண்ணன் மாலை போட்டார். பழக்க தோஷத்தில் கை தானாக மேலே போனது. "நிரந்தரப்படுத்து" என்று பாதிக் குரலில் சொன்ன பிறகுதான் நிற்கும் இடம் அவருக்கு உறைத்தது. சொந்தக்காரர்கள் முறைத்தார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். பாண்டியம்மாவின் மகள் எழுந்து வந்தாள்.

"நிறுத்தாதீக மாமா. அம்மா கேக்க ஆசப்பட்டது அதத்தான்."

அவரால் முடியவில்லை. அவருக்குப் பேச்சு வராமல் போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

அடுத்து மதுரையில் சங்கத்தின் மாநிலக் கூட்டம் நடந்தது. அரசிடம் எந்தக் கோரிக்கையை முதலில் வைப்பது என்று விவாதம். உறுப்பினர்கள் கேட்பது பழைய பென்சன், காலிப் பணியிடம், அகவிலைப்படி. காண்ட்ராக்ட் ஆட்கள் சங்கத்திலேயே இல்லை, அது கடைசியில் இருக்கட்டும் என்றார்கள். அண்ணன் எழுந்தார். இனி மதியம் வரை விடமாட்டார் என்று பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பினார்கள்.

"எங்க ஆபீஸ்ல பாண்டியம்மான்னு ஒரு பிள்ள வேல பாத்துச்சு. லீவு போட முடியாமச் செத்துப்போச்சு. எனக்குப் பென்சன் வந்துரும். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே வரல."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

டீக்குப் போனவர்கள் வாசலிலேயே நின்றார்கள். காண்ட்ராக்ட் ஊழியர்களை நிரந்தரமாக்குவது முதல் கோரிக்கையானது. பரிசீலிக்கிறோம் என்று பதிலும் வந்தது. இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாண்டியம்மா இடத்தில் இப்போது அவர் மகள் பெருக்குகிறாள். அதே காண்ட்ராக்ட். அவள் அண்ணனிடம் எதுவும் கேட்பதில்லை. அவரும் தைரியம் சொல்வதில்லை.

அண்ணன் ரிடையராகிவிட்டார். ஆனாலும் அலுவலக வாசலில் ஆர்ப்பாட்டம் என்றால் ஒத்தக்கடையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுகிறார். முட்டி வலி. நான் முன்கூட்டியே வேப்பமர நிழலில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். அவர் உட்காருவதே இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் தூசி தட்டித்தான் போடுகிறேன்.