போறேன்னு சொல்லு

"'கோ'. ஒத்தை எழுத்து. அது உன் வாயில வரலையாலே?" என்று காசிராஜன் தலையில் அடித்துக்கொண்டார்.

எதிரே நின்றது மகன் வினோத். ஜப்பான் விமானக் கம்பெனி ஒன்றில் பைலட் வேலைக்கு மனுப் போட்டிருந்தான். விமானம் ஓட்டுவதில் அவனைக் குறை சொல்ல ஆளில்லை. தரையில் இருக்கும் கண்ட்ரோல் ரூமோடு ஒழுங்காக இங்கிலீஷ் பேசுகிறானா என்று, வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் எழுதும் ஒரு பேச்சுப் பரீட்சை வைத்தார்கள். அதில்தான் மண்ணைக் கவ்வினான்.

"ரன்வேல வேற பிளேன் நிக்குது, எறங்க முடியாது, என்ன சொல்லுவேன்னு கேட்டாங்கப்பா. 'கோயிங் அரவுண்ட்'னு சொல்லணும். வாயைத் தொறந்தேன். கதவுக்குப் பின்னாடி அம்மா செருமுனாங்க."

"பொறவு?"

"'கமிங் அரவுண்ட்'னுட்டேன்."

அம்மா ஜெயபாய் அடுப்படியிலிருந்து வந்தாள். "பின்ன? ஆகாசத்துல பறக்கிற புள்ள 'போறேன்'னு சொல்லலாமா? 'சுத்திட்டு வாரேன்'னு சொன்னா அவனுக வேண்டாம்னா சொல்லுதானுக?"

அது அந்த வீட்டுச் சட்டம். வாசலைத் தாண்டுகிறவர் யாரானாலும் 'வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஸ்கூலுக்குப் போறேன்' என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னதற்கு வினோத் உதட்டில் சுண்டு வாங்கியிருக்கிறான். சுண்டியவர் காசிராஜனேதான். அதெல்லாம் இப்போது அவருக்கு வசதியாக மறந்துவிட்டது. தன் பேண்டேஜ் துணி யூனிட் வாசலில் 'ஜப்பானை ஆளப்போகும் விமானியே' என்று ஆளுயர ஃபிளெக்ஸ் வேறு கட்டிவிட்டார். இராஜபாளையத்தில் அவர் எங்கே டீ குடிக்கப் போனாலும், "பையன் எப்பக் கெளம்புதான்?" என்று கேட்காத வாயில்லை.

அடுத்த பரீட்சைக்கு ஜெயபாயை ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவள் போனாள். செருமல் மட்டும் பையன் காதிலேயே தங்கிவிட்டது. மறுபடியும் 'கமிங்'. இனி ஒரே ஒரு வாய்ப்புதான் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்தும் பெலிக்ஸைப் பிடித்தார். இங்கிலீஷைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி இங்கிலீஷில் பேசக்கூடியவர் பெலிக்ஸ். வினோத்தை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இங்கிலீஷ்ல கோளாறே இல்ல சார். கோளாறு தமிழ்ல இருக்கு. மொதல்ல தமிழ்ல 'போறேன்' வரட்டும், 'கோ' தன்னால வரும். வீட்லயும் உங்க யூனிட்லயும் எல்லாரும் அப்படியே சொல்லிப் பழகணும்."

மறுநாளே பழக ஆரம்பித்தார்கள். சோழபுரத்தில் ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்த சமுத்திரம் மாமாவைப் பார்க்கப் போன வினோத், ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "மாமா, நான் போறேன்" என்றான்.

மாமா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். "ஏலே, டாக்டர் உங்கிட்ட எதுவும் சொன்னாரா? உள்ளதச் சொல்லு!"

அத்தை ஓங்கி ஒரு குரல் எடுத்தாள். சாயங்காலத்துக்குள் மாலையோடு நாலு பேர் வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தது மாமாதான். அன்றோடு அந்த உறவு அறுந்தது.

யூனிட்டில் தறி ஓட்டும் சங்கிலிப்பாண்டி வந்து, "மொதலாளி, நான் போறேன்" என்று கையைப் பிசைந்தான்.

"சபாஷ்! இன்னும் அடிச்சுச் சொல்லுலே!"

"போறேன் மொதலாளி!"

முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பினார். அவன் பின்னால் இன்னும் மூன்று பேர் சொன்னார்கள். அவர்களையும் தட்டிக் கொடுத்தார். மறுநாள் நாலு தறி சும்மா நின்றது. போன் போட்டால், அடுத்த தெரு கம்பெனித் தறிச் சத்தத்துக்கு நடுவே சங்கிலிப்பாண்டி கத்தினான்: "சொல்லிட்டுத்தான வந்தேன்! நீங்கதான் முதுகுல தட்டி அனுப்புனீக!"

ஆனால் கடைசிப் பரீட்சையில் வினோத் போட்ட 'கோயிங் அரவுண்ட்'டில் தெருநாய் எழுந்து ஓடியது. பாஸ். காசிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. உறவு போனாலும் தறி நின்றாலும் பிள்ளை ஜெயித்துவிட்டான் அல்லவா? இனிச் சென்னையில் நேர்முகம் மட்டும்தான் பாக்கி.

நேர்முகத்தன்று வினோத் போன் செய்தான். "அப்பா, கொஞ்சம் ஜப்பான் பாஷையும் கேப்பாங்களாம். எல்லாம் படிச்சிட்டேன். கெளம்பும்போது சொல்றதுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை போட்டிருக்கு. ஒண்ணு நம்ம 'போறேன்' மாதிரி நறுக்குன்னு இருக்கு. இன்னொண்ணு நீளமா, வளவளன்னு வருது."

"இம்புட்டுப் பாடுபட்டது எதுக்குலே? நறுக்குன்னு உள்ளத அடிச்சுச் சொல்லு!"

மறுநாள், கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் சென்னை ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் பேசினாள். தெருவே கேட்கட்டும் என்று காசிராஜன் ஸ்பீக்கரைப் போட்டார். பால்கோவா டப்பா திறந்து தயாராக இருந்தது.

"சார், இங்கிலீஷ் பிரமாதம்னாங்க. ஜப்பான் பாஷையிலதான் போயிடுச்சு. வேற ஆளை எடுத்துட்டாங்க."

"ஏம்மா? என்ன தப்புச் சொன்னான்?"

"வீட்டை விட்டுக் கிளம்பறப்ப என்ன சொல்லுவீங்கன்னு கேட்டிருக்காங்க. உங்க பையன் 'போறேன்'னு அடிச்சுச் சொல்லிட்டாராம்."

"அது சரிதானம்மா!"

கதவுக்குப் பின்னால் ஜெயபாய் செருமினாள்.

"ஐயோ சார், அவங்க ஊர்ல வாசலைத் தாண்டறப்ப 'போறேன்'னு சொல்ல மாட்டாங்களாம். 'போயிட்டு வரேன்'னுதான் சொல்லணுமாம்!"