பபூன் வருகிறார்

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் புலவர்களுக்குச் சிலேடை. பத்தொன்பது வயதில் எனக்கு அது மானக்கேடு.

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் என்னோடு படித்த பெட்டையள் எல்லாம் பார்மசிக்குப் போக, நான் குரங்குகளை ஆராய விலங்கியல்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா நிபந்தனை போட்டார்: "எங்கட அப்பார்ட்மென்ட் பில்டிங் கலைவிழாவில உந்தக் குரங்குகளைப் பற்றிப் பேசு. சனம் கடைசிவரை எழும்பாமல் கேட்டால் உன்ர விருப்பம். எழும்பினால் பார்மசி."

விழா நடத்திய சிவம் அண்ணை போனில் தலைப்புக் கேட்டார். "பபூன், அண்ணை. அரை மணித்தியாலம்."

"ஆ, பிள்ளையளுக்குப் பிடிக்கும்!"

(அண்ணை ஊரில் நாடகம் போட்டவர். நாடகத்தில் பபூன் என்றால் கோமாளி; நான் சொன்னதோ ஆபிரிக்கக் குரங்கு. நான் யோசித்திருக்க வேண்டும்.)

நோட்டீஸ் இப்படி வந்தது: 'சிறுவர்களை மகிழ்விக்கப் பபூன் வருகிறார்!'

பட்டுச்சேலையும் ஸ்லைட் புரொஜெக்டருமாக மேடையேறினேன். "அன்ரி, உங்கட சிவப்பு மூக்கு எங்கை?" என்றான் ஒரு பொடியன். (பத்தொன்பது வயதில் அன்ரி!)

முதல் ஸ்லைட்டில் ஆண் ஒலிவ் பபூன் ஒன்று வாயைப் பிளந்து கோரைப்பல் காட்டியது. "இது கொட்டாவி இல்லை, வெருட்டல்," என்றேன். அதே கணம் முன்வரிசையில் சிவம் அண்ணை ஆவென்று கொட்டாவி விட்டார். மண்டபம் சிரித்தது, பின்வரிசை எழும்பத் தொடங்கியது. பார்மசி வெள்ளைக் கோட்டோடு கண்முன் வந்து நின்றது.

இனி இழக்க மானம் இல்லை. சேலையை இழுத்துச் செருகினேன். உதட்டைச் சப்புச்சப்பென்று அடித்தேன்: "இது, 'சண்டைக்கு வரேல்லை, கிட்ட வரட்டோ' எண்டு கேக்கிறது." புருவத்தை உயர்த்தி, வெளிறிய இமை காட்டி வெருட்டினேன். நாலு காலில் நடந்தேன். புரொஜெக்டர் வயர் சிக்கியது. குப்புற விழுந்தேன்.

அப்படியொரு கைதட்டல்! எழும்பின சனம் திரும்பி வந்து இருந்தது. விழுந்த இடத்திலிருந்தே மிச்சத்தைச் சொன்னேன்: பெண் பபூன் பிறந்த கூட்டத்தை விட்டுப் போகாது, அதன் அந்தஸ்து தாயிடமிருந்து வரும், ஆண்தான் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகவேண்டும்.

"அப்ப எல்லாரும் வீட்டோட மாப்பிள்ளையள்!" என்றார் ஒரு அன்ரி.

வெளியே, கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டு அப்பா சொன்னார்: "ஒருத்தரும் எழும்பேல்லை."

"சிலபேர் எழும்பினவை, அப்பா." (விஞ்ஞான நேர்மை!)

"திரும்பி இருந்தவைதானே. யூனிவர்சிட்டிப் போம் எங்கை? கையெழுத்து வைக்கிறன்."

இன்று பபூன்களின் பின்னால் நடந்து குறிப்பெடுப்பதுதான் என் தொழில். விருந்தாளிகள் வந்தால் அப்பா நெஞ்சை நிமிர்த்துவார்: "இவதான் எங்கட மூத்தவ. பபூன்." உடனே அம்மா என் மகளை முன்னுக்குத் தள்ளுவார்:

"இவ சின்னப் பபூன். அந்தஸ்து தாயிட்டை இருந்துதானே வரும்."