எழுபத்தொரு நாள் மண்ணின் மைந்தர்

எங்கள் கொலராடோ மலையில் கரடி உண்டு, நரி உண்டு, கொம்பு பெருத்த மான் உண்டு. இவை எல்லாவற்றையும்விட வேகமாகப் பெருகுகிற இன்னொரு ஜீவனும் உண்டு. நேற்று வீடு வாங்கி இன்று மண்ணின் மைந்தராகிவிட்டவர்!

இவரை எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? எங்கள் டங்கன் க்ரீக் ஊருக்கு ஒரு வாரம் பனியில் சறுக்க வந்து, நாலு நாள் விழுந்து விழுந்து எழுந்து, ஐந்தாம் நாள் ஒரே ஒரு தடவை விழாமல் இறங்கிவிட்டு, அந்தப் பூரிப்பில் சறுக்கு பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாத்து மாதிரி நடந்து வந்து, வீட்டுத் தரகர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் படங்களுக்கு முன் வாயைப் பிளந்து நிற்கிறாரே, அவரேதான். இந்த உயரத்தில் காற்று கொஞ்சம் குறைவு. மூளை மெதுவாகத்தான் வேலை செய்யும். தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

டாலஸிலிருந்து வந்த பல் டாக்டர் க்ளென் ஹாலோரனும் அப்படித்தான் ஒரு மார்ச் மாதம் வந்து நின்றார்.

"சமையலறை எப்படி?" என்று கேட்டார்.

"சமையலறை எந்த ஊர்லயும் கிடைக்கும் டாக்டர். முதல்ல ஜன்னல்கிட்ட வாங்க," என்றார் தரகர் டாரிஸ்.

ஜன்னலுக்கு வெளியே கோரைப்பல் மாதிரி ஒரு சிகரம். பல் டாக்டர் சொக்கிப்போனார். அப்புறம் கூரை ஒழுகுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் யார் பார்ப்பார்கள்?

"கீழ்த்தளத்துல ரோண்டா பெக்னு ஒரு பொண்ணு ஒன்பது வருஷமா வாடகைக்கு இருக்கா. ஊருக்குப் பனி தள்ளுற வண்டிய அவதான் ஓட்டுறா. உங்க வாசலையும் அவளே சுத்தம் பண்ணிடுவா," என்றார் டாரிஸ்.

"அடடா, எவ்வளவு அருமை!" என்றார் க்ளென்.

அடுத்த மாதமே அந்த அருமையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பூட்ஸ் உலர்த்த ஓர் அறை வேண்டாமா?

ரோண்டா இந்த ஊரிலேயே பிறந்தவள். ஊரில் வேறு வாடகை வீடு இல்லாததால், பக்கத்து மாவட்டத்தில், ஒன்றரை மணி நேரத் தொலைவில், சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீட்டுக்குள் போய் முடங்கினாள். அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். க்ளென் வீட்டுக்கு எதிரே கிடந்த காலி மனையில் ஊர்த் தொழிலாளர்களுக்கு இருபத்துநாலு வீடு கட்ட நகர மன்றம் திட்டம் போட்டிருந்தது. மன்றக் கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தால் அதில் ஒன்று அவளுக்கு. கிடைக்காவிட்டால் பிறந்த ஊரை மறந்துவிட வேண்டியதுதான்.

க்ளென் இதற்குள் தாடி வளர்த்தார். கட்டம் போட்ட கம்பளிச் சட்டைக்கு மாறினார். பெரிய நாய் ஒன்றை வாங்கினார். வண்டியைக் கழுவுவதை நிறுத்தினார், கழுவினால் டாலஸ்காரர் என்று தெரிந்துவிடுமே! காப்பிக் கடை வரிசையில் நின்றுகொண்டு, "இந்த டூரிஸ்டுங்க தொல்லை தாங்கலப்பா," என்று எல்லோர் காதிலும் விழும்படி அலுத்துக்கொண்டார். வீடு வாங்கியதிலிருந்து மொத்தம் பதினோரு நாள் ஊரில் தங்கியிருப்பார். எதிர்மனைச் செய்தி எட்டியதும் துள்ளிக் குதித்தார்.

"இருபத்துநாலு வீடா? என் சிகரம் பாதி மறைஞ்சிடுமே!"

என் சிகரமாம்!

எங்கள் நகர மன்றக் கூட்டத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. மைக்கைப் பிடித்ததும் பெயர், முகவரி, ஊரில் எத்தனை வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

"க்ளென் ஹாலோரன். பதினாலு, ஆஸ்பென் சந்து. இருபத்தாறு வருஷம்."

வீடு வாங்கி அன்றைக்கு எழுபத்தொரு நாள். மிச்சம் எங்கிருந்து வந்தது? கல்யாணமான புதிதில் ஒரு முறை இங்கே விடுமுறைக்கு வந்து, இரண்டாம் நாளே காலை உடைத்துக்கொண்டு ஊர் திரும்பினாரே, அந்தத் தேதியிலிருந்து கணக்கு!

"நாங்க பழைய ஆளுங்க. இந்த ஊரோட குணம் கெட்டுடக் கூடாது," என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. தட்டியவர்களெல்லாம் அதே இனம்.

அடுத்து ரோண்டா எழுந்தாள்.

"ரோண்டா பெக். நாப்பத்தோரு வருஷம்."

"முகவரிம்மா?" என்றார் தலைவர்.

"போன மாசம் வரைக்கும் பதினாலு, ஆஸ்பென் சந்து. இப்ப பக்கத்து மாவட்டத்துல ஒரு டிரெய்லர்."

"அப்ப நீங்க வெளியூர். உள்ளூர்க்காரங்க பேசி முடிச்சப்புறம்தான் உங்களுக்கு மைக்கு."

ரோண்டா உட்காரவில்லை. க்ளென் பக்கம் திரும்பினாள்.

"ஏன் டாக்டரே, உங்க பூட்ஸுக்கு என் ரூம் சௌகரியமா இருக்கா?"

க்ளெனுக்குக் காது சிவந்தது. மனசு நிஜமாகவே வலித்தது, சாப்பாட்டு நேரம் வரைக்கும். உள்ளூர்க்காரர்கள் பேசி முடிப்பதற்குள் கூட்ட நேரம் முடிந்துவிட்டது. திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். ரோண்டா அந்தப் பக்கத்து மாவட்டத்திலேயே பனி வண்டி ஓட்டும் வேலையில் சேர்ந்துவிட்டாள். அவள் இடத்துக்கு இங்கே ஆள் கிடைக்கவில்லை. வருகிறவன் எங்கே குடியிருப்பான்?

டிசம்பரில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. வாசலில் இடுப்பளவு பனி. தாடியில் சளி உறைய, முதுகைப் பிடித்துக்கொண்டு, மண்வெட்டியால் க்ளென் தானே அள்ளிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டை வாங்கி நாலே நாளான சிகாகோ வக்கீல் எட்டிப் பார்த்தார்.

"சார், இங்க பனி தள்ள யாரு வருவாங்க?"

க்ளென் நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முன்னெல்லாம் ரோண்டான்னு ஒரு பொண்ணு இருந்தா சார். தங்கமான பொண்ணு. ஊரே அப்ப அப்படி இருந்துச்சு. என்ன பண்றது, உங்கள மாதிரி ஆளுங்க வந்து வீடு வாங்க ஆரம்பிச்சாங்க. பாவம், அவங்களுக்கெல்லாம் இடமில்லாமப் போச்சு."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை ஐயா, அசல் கண்ணீர்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்று சொல்லுங்கள். போன வாரம் யாரிடமோ, "முன்னெல்லாம் நம்ம தெருவுல இவ்வளவு கூட்டம் கிடையாது," என்று சலித்துக்கொண்டீர்களே, அந்த முன்னெல்லாம் எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது? நீங்கள் குடிவந்த மறுநாளிலிருந்துதானே?